வட்டம் போட்ட இடம்

கோயிலைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும். பழைய கற்சிற்பங்களைக் கெடாமல் காப்பாற்றிக் கொடுப்பது என் தொழில். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். வெயிலும் மழையும் கல்லுக்குச் செய்த கெடுதலைவிட, வாளியும் பிரஷ்ஷுமாக வந்த பக்தர்கள் செய்த கெடுதல்தான் நான் அதிகம் பார்த்தது. ஆசிட் ஊற்றுவார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். தேய்த்த இடம் பல்லிளித்தால் அதன்மேல் ஆயில் பெயிண்ட் அடிப்பார்கள். யாளிக்கு உதட்டுச் சாயம் பூசிய கோயிலெல்லாம் எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் சண்டை போடலாம். கன்னத்தில் போட்டுக்கொண்டே செய்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

சோழவரத்துக்கு வடக்கே, லாரிகள் ஓடும் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி ஒரு சிவன் கோயில். அங்கே கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கோயில் சின்னதுதான். ஆனால் முன்னால் இருக்கும் பதினாறு கால் மண்டபம் நல்ல வேலைப்பாடு. ஒவ்வொரு தூணிலும் மேலே, நடுவே, கீழே என்று சதுரங்கள். சதுரத்துக்கு ஒரு சிற்பம். மீன், குரங்கு, காலைத் தூக்கிய ஆட்டக்காரி, தாடிக்காரர் ஒருவர் என்று ஒரு சாண் உயரத்தில் ஊரே அங்கே நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் பல தலைமுறைச் சுண்ணாம்பும் எண்ணெய்ப் புகையும் அப்பிக் கிடந்தன. அதை எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

திருவள்ளூரிலிருந்து தினம் ஸ்கூட்டியில் போய் வந்தேன். காக்களூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்கிற பட்டறையிலிருந்து காகிதக் கூழ் வாங்கிக்கொள்வேன். அதை மருந்துத் தண்ணீரில் நனைத்துக் கல்லில் அப்பிவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கை அது இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கு அதுவும் பலிக்காது. ஈரப்படுத்தி, மூங்கில் குச்சியால் நெம்பி, டாக்டர் கத்தியால் செதில் செதிலாக எடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் உள்ளங்கை அகலம் தெரியும். திருப்பணிக் குழுத் தலைவருக்கு இது பொறுக்கவில்லை. மூன்று போகம் பார்த்த நிலக்காரர். காலை நாஷ்டா முடித்ததும் வந்துவிடுவார். என் பின்னால் நின்று பெருமூச்சு விடுவார்.

"இன்னாமா, இப்டி மூக்குப்பொடி டப்பா சொரண்ற மாதிரி சொரண்டிக்கினு இருந்தா கும்பாபிஷேகம் அடுத்த பன்னண்டு வருஷத்துக்குத்தான் ஆவும்."

"கல்லு அறுநூறு எழுநூறு வருஷம் இருந்திருக்குங்க. நமக்கு மூணு மாசம் பொறுமை இல்லையா?"

"கல்லுக்கு இன்னாமா, அதுக்குப் பத்திரிகை அடிக்கிற வேலையா கீது?"

பத்திரிகை என்று அவர் சொன்னது கும்பாபிஷேக அழைப்பிதழை. அவருடைய உயிர் அதில்தான் இருந்தது. யார் யார் என்னென்ன உபயம் என்ற பட்டியல் மட்டுமே நாலு பக்கம். அந்த ஊரில் உபயம் செய்கிறவர்களுக்குக் குறைவில்லை. மண்டபத்தின் எட்டு ட்யூப்லைட்டிலும் உபயம் என்று போட்டு, பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் வரைக்கும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். வெளிச்சம் வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குத் தனி விளக்கு கொண்டுபோக வேண்டியதாயிற்று.

பெயர் போடுவது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. தென்மேற்கு மூலைத் தூணின் கீழ்ச் சதுரத்தில் ஒரு ஆள் இடுப்பில் தப்பட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையை ஓங்கி நிற்கிறான். அவன் காலடியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் எடுத்ததும் எழுத்து தெரிந்தது. முதலில் 'இத்தூண்'. இரண்டு வரி தள்ளிக் கடைசியில் 'உபையம்'. உபயத்தை அன்றைக்கு அப்படித்தான் எழுதினார்கள். இந்தத் தூண் இன்னாருடைய உபயம். அந்த இன்னார் யார் என்பதுதான் நடுவில், மண்டை ஓடு மாதிரி இறுகிய சுண்ணாம்புக்கு அடியில் இருந்தது.

அந்தத் தூணுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் அப்பா வரைக்கும் தலைவர் வீட்டு நிலத்தில் கூலி வேலை. இவர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாய்களுக்குப் பெயிண்ட் பூசுகிற ஒரு யார்டில் பிளாஸ்டிங் ஃபோர்மேன். பெயிண்ட் பூசுவதற்கு முன்னால் இரும்பின் துருவை எடுக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றில் பொடிக்கல்லைக் கலந்து, குழாய் முனையிலிருக்கும் நாசில் வழியாகப் பீய்ச்சி அடிப்பார்கள். துரு, பழைய பெயிண்ட், எண்ணெய் எல்லாம் பறந்துபோய் இரும்பு வெள்ளையாக நிற்கும். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் நாள் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு மயக்கம்தான் வந்தது.

"மேடம், யார்டுல கேட்டு கம்ப்ரஸர் எடுத்துக்கினு வர்றேன். ஒரே ஞாயித்துக்கிழமை. கோயிலையே புதுசா ஆக்கிக் குடுத்துர்றேன். எங்க காலனி உபயமா இருக்கட்டும்."

தலைவருக்கு முகமெல்லாம் பல். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கல்லை மணலால் அடிக்கக்கூடாதென்று ஊர் ஊராகத் தொண்டை வற்றக் கத்தியவள் நான். அடித்த கோயில்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கில்லாத தேவியும் விரலில்லாத முனிவரும், ரவை உப்புமா மாதிரி பொரபொரவென்று நிற்பார்கள். அவரைக் கையைப் பிடிக்காத குறையாகத் தூணுக்கு முன்னால் நிறுத்தினேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, ஆட்டக்காரியின் காலில் கொலுசு தெரிவதைக் காட்டினேன்.

"இரும்புல துருவை எடுத்தா அடியில புது இரும்பு இருக்கும். இதுல மேல இருக்கிற கறுப்பை எடுத்தா அடியில புதுக் கல் இருக்காதுங்க. உளி பட்ட கோடெல்லாம் இந்த மேல் தோல்லதான் இருக்கு. தோல் போனா கொலுசும் போயிடும்."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொடவில்லை. முகர்ந்து பார்க்கிறவர் மாதிரி கிட்டே போனார்.

"அப்ப இது துரு இல்ல. தோலு."

"ஆமா."

"சரி மேடம். நான் கை வெக்க மாட்டேன்."

இத்தனை வருடத்தில் ஒரே தடவை சொன்னதும் புரிந்துகொண்ட ஆள் அவர்தான். படித்தவர்களுக்கு நான் படம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு மறுநாள் ஆசிட் கேனோடு வருவார்கள். இவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார், பார்க்கத்தான். தென்மேற்கு மூலையில் தூணிலிருந்து ஒரு கை தள்ளி உட்கார்ந்துகொள்வார். மூன்றாவது ஞாயிறு வாய் திறந்தார்.

"எங்க ஊட்ல சொல்லுவாங்கோ மேடம், இந்தத் தப்பட்டைக்காரரு எங்க ஆளுன்னு. ஏரி ஒடையறப்ப கரை மேல நின்னு அட்ச்சு ஊரையே எழுப்புனாராம். அப்பறம் மதகு கட்டுனதும் அவராம். அதுக்குத்தான் தூணு வெச்சாராம். எங்க தாத்தன் சொல்லிக்கினே இருக்கும். உள்ள வந்து பாக்கத்தான் அதுக்குக் குடுத்து வெக்கல."

பின்னால் நின்ற தலைவர் சிரித்தார். "அது பூதகணம்பா. சிவன் கோயில்ல பூதகணம் மோளம் அடிக்காம இன்னா பண்ணும்? ஆளாளுக்கு எங்க ஆளு எங்க ஆளுன்னா எப்டி?"

"எய்துகீது தலைவரே. மேடம் பாத்துட்டாங்கோ."

"எழுதியிருந்தா காட்டச் சொல்லு. கல்லுல உங்க ஆளு பேரு இருந்தா பத்திரிகைல அதான் மொதப் பேரு. உன் தலைல நானே பரிவட்டம் கட்டறேன். போதுமா?"

அவர் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் மேஸ்திரிகள், குருக்கள், மாலை கட்டுகிற அம்மா என்று பத்துப் பேர் காதில் விழுந்துவிட்டது. கோயில் பட்டுத் துணியைத் தலையில் கட்டுகிற அந்த மரியாதை அந்த ஊரில் நாலு குடும்பத்துக்கு மட்டும்தான். காலனியில் யார் தலையும் அதைப் பார்த்ததில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உடனே பெரிய படிப்பாளியாகிவிட்டேன். "வாய்ச்சொல்லை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாதுங்க. கல்லு சொல்லட்டும், சொல்றேன்" என்றேன். நியாயமாகப் பேசுவதாக நினைப்பு. இன்றைக்கு அந்த வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தால் வாயைக் கழுவத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து எனக்கு மற்றத் தூண்கள் எல்லாம் இரண்டாம்பட்சம். ஒரு நாளைக்கு இரண்டெழுத்து, மூன்றெழுத்து. அந்தச் சுண்ணாம்பில் எதைக் கலந்தார்களோ, கத்தி முனை ஒடிந்துபோனது. 'ஏரி' வந்தது. அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன். "ஏரின்னு கீதா மேடம்? நல்லாப் பாத்தீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். அடுத்த வாரம் 'க்கு மதகு' வந்தது. மதகு! நான் சுண்ணாம்புப் பொடியோடு எழுந்து நின்று கை தட்டினேன். குருக்கள் பயந்துவிட்டார். அதற்கடுத்து ஒரு விரலுக்கடை அகலத்தில் பெயர் இருந்தது. இன்னும் நாலைந்து நாள் வேலை. அதன்பிறகு ஈரக் காகிதத்தைத் தட்டி ஒட்டி, மையால் ஒற்றிப் படி எடுத்துவிட்டால் எந்த அலுவலகத்திலும் நீட்டலாம். பாதிச் சுண்ணாம்பு இருக்கும்போது படி எடுத்தால் எழுத்து சரியாக விழாது என்று தள்ளிப்போட்டேன். இருந்ததையாவது எடுத்து வைத்திருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் என்னை அடிக்க ஆளில்லை.

அந்த வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. மூட்டுக்கு மூட்டு வலி. மறுநாள் தரை கழுவுகிறவர்கள் பிரஷர் மோட்டாரோடு வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் தண்ணீரைத் தூணில் பீய்ச்சிவிடுவார்களே என்று பதறி, கையிலிருந்த சாக்பீஸால் கை வைக்கக்கூடாத இடங்களை எல்லாம் வட்டம் போட்டேன். ஆட்டக்காரியின் கால், மீன், குரங்கு, கடைசியாகத் தப்பட்டைக்காரர் காலடி எழுத்து. மொத்தம் ஏழு வட்டம். சாக்குத் துணி கட்டியிருக்க வேண்டும். காய்ச்சலில் அதைத் தேடப் பொறுமை இல்லை. தலைவரிடம் போய், "வட்டம் போட்ட இடத்துல யாரும் கை வைக்கக் கூடாதுங்க" என்றேன். அவர் போனில் யாரிடமோ பந்தல்காரரைப் பற்றிப் பேஜாராகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தலையை ஆட்டினார். போனுக்கும் ஆட்டினார். எது யாருக்கு என்று நான் நின்று கேட்கவில்லை.

அந்த ஞாயிறு நம் ஃபோர்மேனுக்கும் அங்கே வேலை இருந்தது. மண்டபத்துக்கு வெளியே இரும்புக் கேட்டையும், போன தலைமுறையில் சிமெண்டில் கட்டிய முன்வாசல் தூண்களையும் அடித்துக் கொடுக்க நானே சம்மதித்திருந்தேன். உபயம் செய்ய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். சிமெண்டுக்கும் இரும்புக்கும் தோல் கிடையாது. உள்ளே வர மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் வட்டத்தைப் பற்றி அவருக்குச் சொல்லவே இல்லை.

ஞாயிறு மதியம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். போன் வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மேடம், கேட்டு முடிஞ்சது, முன்னாடி தூணு முடிஞ்சது. உள்ள நீங்க ரவுண்டு போட்ட எடமும் முடிச்சுட்டேன்."

"எந்த ரவுண்டு?"

"சாக்பீஸ்ல போட்டிருந்தீங்களே, ஏழு எடம். அது மட்டுந்தான் மேடம் அட்ச்சேன். வேற எங்கயும் காத்து கூட படல. சின்ன நாசில் போட்டு, பிரஷர கொறச்சு, பாத்துப் பாத்து அட்ச்சேன். நம்ம ஆளு காலாண்ட இப்ப சுண்ணாம்பே இல்ல. வந்து படிங்க மேடம். ஊட்டுக்காரியையும் வரச் சொல்லிகிறேன்."

காய்ச்சலோடு ஸ்கூட்டியை எடுத்தேன். செங்குன்றம் வரைக்கும் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். அவரை, தலைவரை, சாக்பீஸை. சோழவரம் வந்தபோதுதான் புத்தி என் பக்கம் திரும்பியது.

விஷயம் இதுதான். அவர் யார்டில் ஒரு குழாயை அடித்து முடித்தால் இன்ஸ்பெக்டர் வருவார், கையில் சாக்பீஸோடு. சரியாக இருக்கிற இடத்தில் எதுவும் போட மாட்டார். துரு மிச்சம் இருக்கிற இடத்தைத்தான் வட்டம் போடுவார். வட்டம் என்றால் இங்கே திரும்ப அடி என்று அர்த்தம். வட்டத்தை அடிக்காமல் விட்டுப் போகிற ஃபோர்மேனுக்கு அந்தத் தொழிலில் மரியாதை கிடையாது. இருபது வருடமாக வட்டத்தைப் பார்த்தால் அவர் கை தானாக நாசிலுக்குப் போகும். எனக்கு வட்டம் என்றால் தொடாதே. அவருக்கு வட்டம் என்றால் விடாதே. கும்மிடிப்பூண்டியிலிருந்து அரை மணி நேர தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் பாதிப் பேர் யார்டிலும் பட்டறையிலும் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, இதை நான் யோசிக்கவில்லை.

போனபோது அவர் முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, தலையில் பூவோடு. பெயரை நான் படிக்கும்போது வீடியோ எடுக்க அந்த அம்மா போனைத் தயாராகப் பிடித்திருந்தார்.

தூணைப் பார்த்தேன். வட்டத்துக்கு வெளியே கல் கறுப்பாக அப்படியே இருந்தது. அவர் சொன்னது உண்மை, அங்கே காற்றுகூடப் படவில்லை. வட்டத்துக்குள் வெள்ளை வெளேரென்று சர்க்கரை கொட்டின மாதிரி மினுங்கியது. அவ்வளவு சுத்தமான வேலை. தப்பட்டைக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. எழுத்திருந்த இடம் சமமாக இருந்தது. விளக்கை இடது பக்கம் பிடித்தேன், வலது பக்கம் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். அவசரத்தில் நான் போட்ட வட்டத்துக்கு வெளியே தப்பி நின்ற 'உபையம்' மட்டும் தட்டுப்பட்டது. 'இத்தூண்' இல்லை. ஏரி இல்லை, மதகு இல்லை. பெயர் இருந்த விரலுக்கடை இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னா மேடம், படிக்க வர்லியா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னேன். வட்டம் எதற்குப் போட்டேன் என்பதைச் சொன்னேன். ஏழு இடத்திலும் என்ன போய்விட்டது என்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த அம்மா போனைக் கீழே இறக்கினார். அவர் மட்டும் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, இது தோலு, அடிக்கக் கூடாதுன்னு. அப்பறம் ரவுண்டு போட்டுகிறீங்களேன்னு பாத்தேன். சரி, இந்த எடத்துல மட்டும் துருன்னு கண்டுபுட்ச்சிகிறாங்கன்னு நெனச்சேன். தலைவராண்ட கூட கேட்டேன். மேடந்தான் போட்டாங்க, இன்னா பண்ணணும்னு உனக்குத் தெரியாதான்னாரு. எனக்குத் தெரியுமே மேடம். அதான பண்ணேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாவது பரவாயில்லை. அதில் கடைசியில் ஒரு குரங்காவது மிஞ்சும்.

தலைவர் வந்தார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளையாக இருந்த ஏழு இடத்தையும் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

"அட, பளிச்சுனு கீதேமா! இப்டியே மொத்தத்தையும் அட்ச்சிருக்கலாம் போல கீதே. மூணு மாசமா இன்னாத்துக்கு சொரண்டினு இருந்த?"

எனக்கு வாய்க்கு வந்ததை எல்லாம் கத்தினேன். எழுத்து போச்சு என்றேன், பெயர் போச்சு என்றேன், யாரும் கை வைக்கக்கூடாதென்று உங்களிடம்தானே சொன்னேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. விபூதி இட்ட நெற்றியோடு, குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சிரித்தார்.

"வுடுமா. கடைசில உபயம்னு மட்டும் நிக்குதுன்ற இல்ல? பேரே போடாத உபயம்தாம்மா பெரிய உபயம். அந்தப் புண்ணியம் யாருக்கு வரும்?"

ஃபோர்மேன்தான் பதில் சொன்னார். அதுவரை அவர் தலைவர் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"அப்ப பத்திரிகைல உங்க பேர எடுத்துருங்க தலைவரே. புண்ணியம் உங்களுக்கே வரட்டும்."

மாலை கட்டுகிற அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். தலைவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. பத்திரிகை எப்படி அடிக்க இருந்ததோ அப்படியே அடித்து வந்தது. நாலு பக்கத்தில் ஒரு பெயரும் குறையவில்லை. என்னிடம் மிஞ்சியது ஏரி என்ற எழுத்தும் மதகு என்ற எழுத்தும் தெரிகிற இரண்டு போன் படங்கள். அவற்றைக் காட்டி நான் குழுவிடம் மன்றாடினேன். மதகு ஊருக்கே பொதுதானே, இதில் காலனி எங்கே வருகிறது என்றார்கள். பரிவட்டம் அந்த நாலு குடும்பத்துக்கே போயிற்று.

ஆனால் அன்றைக்கு நடந்தது அதோடு முடியவில்லை. அவர் குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார். மனைவி முன்னாலேயே நடந்துபோய்விட்டார். நான் வெளியே வந்து ஸ்கூட்டிக்கு அருகில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காதீங்க."

"கேளுங்க."

"தலைவரு சொல்லித்தான் அந்த ரவுண்டு போட்டீங்களா? எங்க ஆளு பேர எங் கையாலயே அழிக்கட்டும்னு?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நிற்கிற இடத்தில் நான் நின்றால் அதைத்தான் நானும் கேட்பேன். பெயர் வெளியே வர நாலு நாள் இருக்கும்போது வட்டம் வருகிறது. வட்டம் போட்டவள் ஊரில் இல்லை. கேட்டால் தலைவர், உனக்குத் தெரியாதா என்கிறார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்காகப் பொருந்துகிறது.

"இல்லைங்க. சத்தியமா இல்லை. தொடக்கூடாதுன்னுதான் போட்டேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுதிக் கொடுத்திருந்தால் காட்டியிருப்பேன். தலைவரிடம் ஒரு துண்டுச் சீட்டு நீட்டியிருந்தால், தூணில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தால், காட்டியிருப்பேன். என்னிடம் ஒன்றுமில்லை. அவர் தாத்தா வைத்திருந்தது எதுவோ அதுதான் என்னிடமும் இருந்தது, வெறும் வாய்ச்சொல்.

"நீங்க சொல்றீங்க. சரி மேடம்" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, டிரைவரைப் போகச் சொன்னார்.